சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கை

தென்காசிக்குக் கடல் கிடையாது. கிழக்கே தூத்துக்குடிக்கோ, மலையைக் கடந்து மேற்கே கொல்லத்திற்கோ போனால்தான் அலையைக் காணலாம். இருப்பினும் கடல் என்னும் சொல் இவ்வூராருக்கு அந்நியமானதன்று. குற்றாலப் பேரருவியில் மேலிருந்து வரும் வெள்ளம் முதலில் ஒரு பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, அதன் பின்னரே நீராடுவோர் தலைமேல் இறங்குகிறது. அந்தப் பள்ளத்திற்குப் 'பொங்குமாங்கடல்' என்று பெயர். கடலில்லாத மண் தன் மலைமேலேயே ஒரு கடலைப் படைத்துக்கொண்டது. திரைப்படக் கலை செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். இல்லாத கடலை இருப்பதாகக் காட்டுகிறது, நாமும் நம்பி நனைகிறோம்.

அவ்வாறு காட்டப்பட்ட கடல்களுள் தமிழர் மறவாதது, 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. பி.ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். மருத்துவன் மணிமாறனாகவும், ஜெயலலிதா பூங்கொடியாகவும், எம்.என். நம்பியார் கடற்கொள்ளையர் தலைவனாகவும் வந்தனர். நெய்தல் நாட்டிலிருந்து கடத்தப்பட்டு, கன்னித்தீவில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர் விடுதலை பெறும் கதை அது. ரபேல் சபாட்டினி 1922இல் எழுதிய 'கேப்டன் பிளட்' என்னும் நாவலும், 1935இல் எரால் பிளின் நடித்து வந்த அதன் ஆங்கிலப் படமும் இதற்கு முன்னோடிகள். 2014ஆம் ஆண்டு, கீறலும் தூசும் நீக்கப்பெற்று, எண்ணியல் வடிவில் மீண்டும் திரைக்கு வந்தபோது, சென்னையில் 175 நாள்களைத் தாண்டி ஓடியது.

நம் பங்கின் இளைஞர் சிலர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றனர். அதில் பாடக் குறிப்பு இல்லை. திரைப்படங்களில் நேர்ந்த பிழைகளின் பட்டியல் இருக்கிறது. சாரல் பெய்த ஒரு மாலை, மறைக்கல்வி வகுப்பு முடிந்த பின், அதை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பக்கத்தில் இருந்தது கடற்கொள்ளையர் படம் ஒன்று. 2003இல் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையின் முதல் படம். அதன் இறுதியில் ஜாக் ஸ்பாரோ தன் கப்பல் தளத்தில் நின்று மாலுமிகளை விரட்டுகிறான். ஒரு கணம், அவன் தோளுக்குப் பின்னே, வெள்ளைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலில் இருபத்தோராம் நூற்றாண்டு மனிதர்! படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த அவர் ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒதுங்கவில்லை. உலகமெங்கும் இரசிகர்கள் அந்தக் கணத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நம் இளைஞர்களும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

அவர்கள் பிழைகளை இனம் பிரித்திருந்த முறை பாராட்டத் தக்கது. ஒன்று, தொடர்ச்சிப் பிழை: ஒரு காட்சித்துண்டில் இடக்கையில் இருந்த வாள் அடுத்த துண்டில் வலக்கையில் இருப்பது, நனைந்த சட்டை நொடியில் காய்ந்துவிடுவது. இரண்டு, காலப் பிழை: கதை நிகழும் காலத்தில் இல்லாத பொருள் தலைகாட்டுவது. மூன்று, மறைந்திருக்க வேண்டியது வெளிப்படுவது: 2000இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் உரோமையரின் தேர் கவிழும்போது அதன் பின்புறம் வாயு உருளை தெரிகிறதே, அதைப் போல. நான்கு, அறியக் கூடாததை அறிந்துவிடுவது: ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பின்னால் அமர்ந்திருக்கும் சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான். ஒத்திகைகளில் எத்தனை முறை அந்த ஓசையைக் கேட்டானோ! 'ஆயிரத்தில் ஒருவன்' மீது காலப் பிழை சுமத்த முடியாது என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். நெய்தல் நாடும் கன்னித்தீவும் எந்த வரைபடத்திலும் இல்லையே. இல்லாத நாட்டுக்கு எந்த நூற்றாண்டு?

இத்தகைய பிழைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. திரைப்படம் கதை ஓடும் வரிசையில் எடுக்கப்படுவதில்லை. முடிவை முதல் நாளும், தொடக்கத்தை ஆறு மாதம் கழித்தும் எடுப்பதுண்டு. கடற்படங்களுக்கோ இத்தொல்லை இரட்டிப்பு. நிஜக் கடலில் எடுத்த துண்டும், அரங்கினுள் மரத்தளம் அமைத்து எடுத்த துண்டும் ஒன்றையடுத்து ஒன்றாக வர வேண்டும். கடலில் பாய்மரம் புடைக்கிறது. அரங்கில் கதாநாயகியின் கூந்தல் அசையவில்லை. கடலில் அடிவானம் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. அரங்கில் அது கோடு போட்டதுபோல் நிற்கிறது. காலையில் எடுத்த வாட்போரின் நிழல் ஒரு பக்கம் விழ, மாலையில் எடுத்த அதே போரின் நிழல் மறுபக்கம் விழுகிறது. 1935ஆம் ஆண்டுக் 'கேப்டன் பிளட்' படத்தின் கடற்போரிலோ, 1924இல் வந்த 'தி ஸீ ஹாக்' என்னும் ஊமைப்படத்திலிருந்து சில துண்டுகளை எடுத்துச் சேர்த்தே விட்டார்கள். பதினோராண்டு இடைவெளியை ஒரே பீரங்கி வெடிப்பில் கடந்துவிட்ட கப்பல்கள் அவை.

இவற்றையெல்லாம் காவல் காப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். நம் நாட்டுப் படப்பிடிப்புகளில் பெரும்பாலும் ஓர் இளம் உதவி இயக்குநர்தான் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். பொத்தான் எத்தனை திறந்திருந்தது, குவளையில் நீர் எவ்வளவு இருந்தது, காயம் எந்தப் புருவத்தின் மேல் என்று அவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் சரியாக இருந்தால் யாரும் அவரைக் கேட்பதில்லை. ஒன்று தவறினால் முதலில் கேட்கப்படுபவர் அவரே. இல்லத்தில் சமைப்பவர்களும், ஆலயத்தைப் பெருக்குபவர்களும் இந்த நியாயத்தை நன்கு அறிவார்கள்.

வியப்பு என்னவென்றால், இத்தனை பிழைகளையும் நம்முள் பெரும்பாலோர் காண்பதே இல்லை. 1997இல் அமெரிக்க உளவியலாளர்களான டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் ஆகிய இருவர் ஒரு சிறு படம் எடுத்துச் சோதித்தார்கள். இரு பெண்கள் உணவு மேசையில் உரையாடுகிறார்கள். துண்டுக்குத் துண்டு, வேண்டுமென்றே, கழுத்துத் துணி மறைகிறது, தட்டின் நிறம் மாறுகிறது. மொத்தம் ஒன்பது மாற்றங்கள். முதல் முறை பார்த்தவர்களில் ஏறத்தாழ எவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. மற்றொரு படத்தில், எழுந்து போய்த் தொலைபேசியை எடுக்கும் மனிதரையே மாற்றினார்கள். அதையும் பெரும்பாலோர் உணரவில்லை. படத்தொகுப்பாளர்கள் இதை ஆய்வுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர், ஒரு வெட்டு சரியா என்று முடிவு செய்ய ஆறு அளவைகளைத் தந்து அவற்றுக்கு மதிப்பெண்ணும் இட்டார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51; கதைக்கு 23; பொருள்களும் மனிதரும் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. ஒரு தாய் உண்மையாக அழுத துண்டில் மேசைமேல் விளக்கு இடம் மாறியிருந்தால், விளக்கைப் பாராமல் அழுகையைத் தேர்ந்தெடு என்பது அதன் பொருள். ஆகவே பிழைகளுள் பல கவனக்குறைவால் தங்கியவை அல்ல, தெரிந்தே பொறுத்துக்கொள்ளப்பட்டவை.

ஆனால் எல்லாரிடமிருந்தும் எல்லாப் பிழையும் தப்பிவிடுவதில்லை. குற்றாலத்தார் முன் குற்றால அருவியைப் படம்பிடித்துக் காட்டிப் பாருங்கள்! சாரல் காலத்தில் அருவி நேற்று இருந்ததுபோல் இன்று இராது. காலையில் நூலாக இறங்கிய நீர், மலைமேல் மழை கொட்டினால், மாலையில் வளைவைத் தாண்டி விழுந்து குளிப்பதற்குத் தடை வந்துவிடும். இரண்டு மூன்று நாள் எடுத்த பாடலை ஒன்றாக ஒட்டினால் பல்லவியில் ஒரு நீர், சரணத்தில் வேறு நீர். "முதல் அடியில் ஆனித் தண்ணீர், மூன்றாம் அடியில் புரட்டாசித் தண்ணீர்" என்று இங்குள்ள பெரியவர் ஒருவர் சொல்லிச் சிரித்ததுண்டு. ஐந்தருவியில் நீராட இறங்கிய நாயகி பேரருவியில் தலை துவட்டிக்கொண்டு எழுவாள். இடையில் சில கல் தொலைவு இருப்பதைச் சென்னைக்காரர் அறியார், இலஞ்சிக்காரர் அறிவார். இவ்வாறே, திருமணத் திருப்பலியில் ஊதா நிற உடை அணிந்து வரும் திரைப்படக் குருவானவரைக் கண்டால் நம் வாசகர்களாகிய உங்களுக்குச் சிரிப்பு வரும். அரங்கின் மற்றவர்களுக்கு வராது. எந்த இடத்தை நேசித்துப் பழகியிருக்கிறோமோ, அந்த இடத்தின் பிழைதான் நம் கண்ணில் படுகிறது. அந்த வகையில் பிழை காண்பது இழிந்த செயலன்று. ஒரு படத்தை இருபது முறை பார்க்காமல் தொப்பிக்காரரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அலட்சியமாய் இருப்பவனுக்கு அத்தனைப் பொறுமை ஏது?

அப்படியானால் குறை எங்கே? கண்டுபிடித்த பின் நாம் எங்கே நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான். "இதோ பிழை" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. "இவர் யார்?" என்ற அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கப்பல் தளத்தில் அகன்ற தொப்பி அணிந்து ஒருவர் நின்றதற்குக் காரணம் எளிது: வெயில். கறுப்புக் கண்ணாடிக்கும் அதுவே காரணம். நாம் குளிர்ந்த அரங்கில் அமர்ந்து இரண்டேகால் மணி நேரம் கண்ட கடலை, அவர் மாதக்கணக்கில் வெயிலில் நின்று உருவாக்க உதவியிருப்பார். படத்தின் முடிவில் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களில் அவர் பெயரும் இருக்கும். நம் ஊர் அரங்குகளில் பெயர்கள் ஓடத் தொடங்குமுன் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். சரியாக வேலை செய்த நாளெல்லாம் எவர் கண்ணிலும் படாத ஒரு மனிதர், தவறி நின்ற ஒரு கணத்தால் மட்டுமே உலகத்தின் பார்வைக்கு வந்தார். உழைப்பவரை நாம் பார்க்கும் முறையே இதுதானோ என்னும் ஐயம் நம்மை விடவில்லை.

பிழையை மறைக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு வரலாறும் தமிழ்த் திரையில் உண்டு. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிவிட்டது. அவ்வாண்டிலேயே வெளிவந்த 'காவல்காரன்' படத்தில், சுடப்படுவதற்கு முன் எடுத்த காட்சிகளும் பின் எடுத்த காட்சிகளும் கலந்திருந்தன. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு குரல்! தொடர்ச்சி இலக்கணப்படி இதைவிடப் பெரிய பிழை இராது. வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்திருந்தால் அது மறைந்திருக்கும். அவர் தம் உடைந்த குரலிலேயே பேசினார். மக்களும் அதைப் பிழையாகக் கேட்கவில்லை. காயமாகக் கேட்டார்கள், முன்னிலும் நெருங்கினார்கள். உயிர்த்த பின்னும் தழும்பு நீங்காத கைகளைத் தோமாவுக்குக் காட்டிய கதையை அறிந்த உங்களுக்கு, தழும்பு ஏன் ஓர் அடையாளமாகிறது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் இப்போது தழும்புகளை அழிப்பது எளிதாகிவிட்டது. 1981இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் நடிகருக்கும் நாகத்துக்கும் நடுவே பாதுகாப்புக்காக வைத்த கண்ணாடியில் பாம்பின் நிழலுரு தெரிந்தது. 2003இல் குறுந்தகடாக வந்தபோது அதை அழித்துவிட்டார்கள். 2019 மே மாதம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் விருந்து மேசையில் காகிதக் காப்பிக் கோப்பை ஒன்று தென்பட்டது; ஓரிரு நாளில் அது மாயமாயிற்று. கோப்பை போனதில் நமக்கு வருத்தமில்லை. எனினும் இந்தத் துடைப்பம் எதை எங்கே பெருக்குகிறது என்று அறியாமல் இருப்பதிலும் நமக்கு உடன்பாடில்லை. அதற்குக் காரணம் ஒரு குடும்பம்.

நம் பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். வயல் கூலி. 1970களில் குற்றாலத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது, உள்ளூர் ஆள்களில் ஒருவராக அவரையும் நாள் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். வெயிலை வாங்கி நடிகையின் முகத்தில் திருப்பும் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் அவர் நிற்க வேண்டும். பாடலின் ஓரிடத்தில், திரையின் அடிவிளிம்பில், பலகையின் மூலையும் அதைப் பற்றிய நான்கு விரல்களும் தெரிந்துவிட்டன. இரண்டு நொடி இருக்கும். அந்தப் பாடல் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் அவர் வீட்டில் அடுப்படி வேலையும் நின்றுவிடும். நாம் இல்லம் சந்திக்கச் சென்ற ஒரு நாள் நமக்கும் காட்டினார். "அது என் கை, சாமி" என்றார். அவ்வளவே. "கை நடுங்கவில்லையா, பெரியவரே?" என்று கேட்டோம். "தண்ணி ஜில்லுனு இருந்துச்சு சாமி. நடுங்கத்தான் செஞ்சுது. அங்க பாருங்க, வெளிச்சம் ஆடுது" என்றார். பார்த்தோம். நடிகையின் பின்னால் இருந்த ஈரப்பாறையில் சிறு ஒளித்திட்டு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய நிழற்படம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அடையாள அட்டையில் இருப்பது. இளமைக் காலத்து உருவம் எதுவும் இல்லை. அந்த நான்கு விரல்கள்தாம் இருந்தன.

அவர் இறைவனடி சேர்ந்த பின், முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சொல்ல வந்த பேத்தி, தயங்கித் தயங்கி நம்மிடம் ஒன்று கேட்டாள். "சாமி, தாத்தா கையைக் காணோம்." நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னாள். அந்தப் பாடலின் துலக்கப்பட்ட புதிய படி இப்போது கைப்பேசியில் கிடைக்கிறதாம். நிறம் பளிச்சென்று இருக்கிறது, கீறல் இல்லை, கையும் இல்லை. எவரும் அதைக் குறிவைத்து அழித்திருக்க மாட்டார்கள். அக்காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்னும் அளவுடையது. இக்காலத் திரையோ பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அகலத் திரை முழுவதும் நிரப்ப வேண்டுமானால் உயரத்தில் கால் பங்கை வெட்டியாக வேண்டும். மேலே கொஞ்சம் வானம் போகும். கீழே கொஞ்சம் தரை போகும். உழைத்தவர்கள் நிற்பது பெரும்பாலும் அந்தத் தரையில்தான்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? பழைய படி எங்கேனும் இருக்கும், தேடச் சொல்வோம் என்றோம். அவள் கைப்பேசியை நீட்டினாள், சேர்ந்து பார்த்தோம். விளிம்பில் விரல்கள் இல்லை. ஆனால் நடிகையின் பின்னால், ஈரப்பாறையின் மேல், அந்த ஒளித்திட்டு முன்போலவே துடித்துக்கொண்டிருந்தது. அவளே அதை விரலால் தொட்டுக் காட்டினாள். நாம் எதுவும் விளக்கவில்லை.

அன்பு வாசகர்களே, பிழை பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. நம் இளைஞர்களின் குறிப்பேடு இப்போது இரண்டாம் ஏட்டுக்கு வந்துவிட்டது. அதில் 'படம்', 'நிமிடம்', 'பிழை' என்று மூன்று பத்திகள் இருந்தன. அந்தப் பேத்தியின் செய்தியைக் கேட்ட பிறகு, நான்காவதாக ஒரு பத்தியைக் கோடு போட்டிருக்கிறார்கள். தலைப்பு, 'இவர் யார்?' இதுவரை அந்தப் பத்தியில் நிரம்பியிருப்பது ஒரே ஒரு கட்டம்தான். அதில் பெரியவரின் பெயரை முழுமையாக, தந்தை பெயரோடு, எழுதியிருக்கிறார்கள். மற்றக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.